ஆர்டிகே ரிசீவர் போனில் இணைந்த பிறகும் சர்வே ஆப் நான்கு மீட்டர் பிழை காட்டுவது ஏன்?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் தோட்டம். சொட்டுநீர்க் குழாய் பதிக்க வாட்டம் (நிலச் சரிவு) பார்க்க வேண்டும், எல்லைக்கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்கவும் வேண்டும். அதற்காக இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை வாங்கி ஆண்ட்ராய்டு போனோடு ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறார். போனில் ‘கனெக்டட்’ என்று வருகிறது. விற்றவர் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் என்றார், சர்வே ஆப்போ நான்கு மீட்டருக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ரிசீவர் பழுதா, போன் சரியில்லையா, ஆப்பை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார். உண்மையில் இதற்குள் இருப்பவை இரண்டு கேள்விகள். ஆப் இப்போது காட்டுவது யார் கணித்த இடத்தை, போனுடையதா ரிசீவருடையதா? ரிசீவருக்குத் திருத்தத் தரவு போய்ச் சேர்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் கருவி நன்றாகவே இருக்கும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிசீவரானாலும், தனியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சென்டிமீட்டர் தராது. திறந்த வெளியில் ஒன்று, ஒன்றரை மீட்டர் அளவில் நிற்கும். செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை, சுற்றுப்பாதைப் பிழை, அயனி மண்டலத்திலும் காற்று மண்டலத்திலும் சிக்னல் தாமதமாவது என எல்லாம் சேர்ந்த விளைவு அது. அருகில், இடம் துல்லியமாகத் தெரிந்த ஓர் இடத்தில் இன்னொரு ரிசீவர் அதே செயற்கைக்கோள்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது தான் பார்த்ததை நொடிக்கு நொடி நம் கருவிக்கு அனுப்பினால் (இதுதான் திருத்தத் தரவு), இரண்டுக்கும் பொதுவான பிழைகள் கழிந்துபோகும். இதைத்தான் ஆர்டிகே என்கிறோம். யூ-ப்ளாக்ஸ் இசட்இடி-எஃப்9பி என்ற சில்லில்தான் இன்று மலிவு விலை ஆர்டிகே கருவிகள் பலவும் ஓடுகின்றன. அதன் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கே ‘1 சென்டிமீட்டர், அதோடு 1 பிபிஎம் (தூரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு)’ என்பதுதான். அதாவது அந்த இன்னொரு ரிசீவர் (பேஸ் ஸ்டேஷன்) 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மேலும் 2 சென்டிமீட்டர் சேரும். விற்றவர் சொன்ன ஒரு சென்டிமீட்டர் பொய்யில்லை, ஆனால் அது திருத்தத் தரவு வந்தால் மட்டுமே கிடைக்கும்.

இப்போது இணைப்பைப் பார்ப்போம். போனின் ப்ளூடூத் பக்கத்தில் ‘கனெக்டட்’ அல்லது ‘பேர்டு’ என்று வருவதற்கு, இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன என்பது மட்டுமே பொருள். ஆண்ட்ராய்டு தானாகவே அந்த ரிசீவரின் இருப்பிடத்தை எடுத்துக்கொள்ளாது. ஹெட்செட்டை இணைத்ததும் பாட்டு அதில் கேட்பதுபோல இது நடக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நடக்காது. ஆப் வேறெங்கும் போகாமல் போனுக்குள் இருக்கும் சில்லைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு வந்த நான்கு மீட்டர், போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் வழக்கமாகத் தரும் அளவு. அதனால் என் முதல் சந்தேகம் இங்கேதான்.

ரிசீவரை ஆப்புக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆப்பே நேரடியாக ரிசீவரோடு பேசுவது. நேபாளத்தில் உருவான எஸ்டபிள்யூ மேப்ஸ் இதைச் செய்யும். அதன் மெனுவில் ப்ளூடூத் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் முறைகளின் பொதுப்பெயர்) என்றே தனியாக ஓர் இடம் இருக்கிறது; அங்கே போய் ரிசீவரைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். க்யூஃபீல்டிலும் பொசிஷனிங் அமைப்பில் வெளி ரிசீவரைச் சேர்க்கலாம். இரண்டாவது வழி மாக் லொகேஷன். போனின் ‘அபவுட்’ பக்கத்தில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் மாக் லொகேஷன் ஆப்பாக, ரிசீவரோடு பேசத் தெரிந்த இடைத்தரகர் ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது ரிசீவர் சொல்லும் இடத்தைப் போனின் இடமாக மற்ற ஆப்களுக்குக் கொடுக்கும். லெஃபெபுர் என்ட்ரிப் கிளையன்ட் என்ற ஆப் இப்படி வேலை செய்வதுதான்.

நேரடி வழி இருந்தால் அதையே எடுங்கள், மாக் லொகேஷன் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம், மாக் வழியில் வரும்போது ஆப்புக்குக் கிடைப்பது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், ஒரு துல்லிய எண், அவ்வளவுதான். ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியம் எட்டிய நிலை) கிடைத்ததா, திருத்தத் தரவு வந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற விவரமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அந்தத் துல்லிய எண்ணைக்கூட இடையிலிருக்கும் ஆப் தன் கணக்கில் போட்டுத்தான் அனுப்புகிறது. அதோடு பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்த இடைத்தரகர் ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும்; உங்களுக்குத் தெரியாமலே போனின் சொந்த ஜிபிஎஸ் திரும்பி வந்துவிடும். வேறு வழியில்லாமல் மாக் முறைதான் என்றால், அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘நியர்பை டிவைசஸ்’ என்ற அனுமதியும் தனியாகக் கேட்கும், அதையும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ப்ளூடூத் தகராறு செய்தால் ஓடிஜி கேபிளில் (போனின் சார்ஜிங் துளையில் வெளிக் கருவியை இணைக்கும் கேபிள்) நேராகச் செருகிப் பார்க்கலாம். சில போன்களில் ஓடிஜியைத் தனியே ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அதுவாகவே அணைந்தும் போகும்.

ஆப் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு ரிசீவரின் ஆன்டெனாவை மட்டும் வெளியே பத்துப் பதினைந்து மீட்டர் கொண்டுபோங்கள். ஆப்பில் புள்ளி ஆன்டெனாவோடு நகர்ந்தால் சரி. வீட்டிலேயே நின்றால் ஆப் இன்னும் போனைத்தான் கேட்கிறது.

புள்ளி நகர்ந்தது, ஆனால் துல்லியம் இன்னும் மீட்டரில்தான் என்றால், ரிசீவர் அனுப்பும் மூல வரிகளைப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் தவிர்க்கிறார்கள், பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ரிசீவர்கள் என்எம்ஈஏ என்ற வடிவத்தில் நொடிக்கொரு முறை சில வரிகளை அனுப்பும். ஆப்பிலோ, ஒரு சாதாரண ப்ளூடூத் டெர்மினல் ஆப்பிலோ அவை ஓடுவதைப் பார்க்கலாம். டெர்மினலில் பார்ப்பதானால் சர்வே ஆப்பின் இணைப்பை முதலில் துண்டித்துக்கொள்ளுங்கள். டாலர் குறிக்கு அடுத்த சொல் ஜிஜிஏ என்று முடியும் வரியை நிறுத்திப் படியுங்கள். அதில் காற்புள்ளிகளை எண்ணிக்கொண்டே போனால், ஆறாவது காற்புள்ளிக்குப் பிறகு ஒற்றை இலக்க எண் ஒன்று இருக்கும். 0 என்றால் இடமே கிடைக்கவில்லை. 1 என்றால் திருத்தம் இல்லாத வெறும் ஜிபிஎஸ். 2 என்றால் சாதாரணத் திருத்தம். 5 என்றால் ஆர்டிகே ஃப்ளோட், அதாவது ஃபிக்ஸ் இன்னும் முழுமையாகாத நிலை; பிழை சில டெசிமீட்டர் முதல் அரை மீட்டர் வரை. 4 என்றால் ஆர்டிகே ஃபிக்ஸ், நீங்கள் பணம் கொடுத்தது இதற்குத்தான். 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண்ணாக இருப்பதால் மேல் என்று நினைத்துவிட வேண்டாம், 4-தான் மேல். பதின்மூன்றாவது காற்புள்ளிக்குப் பிறகு வருவது திருத்தத் தரவின் வயது, நொடிகளில். அது 1, 2 என்று இருந்தால் தரவு நன்றாக வருகிறது. 20, 30 என்று ஏறிக்கொண்டே போனால் இணையம் விட்டுவிட்டு வருகிறது. காலியாக இருந்தால், தரவு வரவே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே வரியில் இன்னொரு பொறி உண்டு. அட்சரேகையில் கடைசியில் எத்தனை தசம இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டது, ஒரு நிமிடம் தரையில் ஏறக்குறைய 1852 மீட்டர். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் மட்டும் இருந்தால் கடைசி இலக்கத்தின் மதிப்பே 18 சென்டிமீட்டருக்கு மேல். ஃபிக்ஸ் கிடைத்தும் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தாவுவது இதனால்தான். ஐந்து இலக்கம் என்றால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். யூ-ப்ளாக்ஸ் சில்லில் உயர்துல்லிய என்எம்ஈஏ என்ற அமைப்பை இயக்கினால் ஏழு இலக்கம் வரும். ஆனால் வரி நீண்டுவிடுவதால் பழைய ஆப்கள் சில அதைப் படிக்காமல் தள்ளிவிடும். அப்போது ஆப்பைத்தான் மாற்ற வேண்டும்.

இனி திருத்தத் தரவு. இணையம் வழியாக அது வரும் முறைக்கு என்ட்ரிப் என்று பெயர். முகவரி, போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல், மவுண்ட் பாயின்ட் (எந்தத் தரவு ஓடை வேண்டும் என்று சொல்லும் பெயர்) என்று ஐந்து விவரம் கேட்கும். போர்ட் பெரும்பாலும் 2101. இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுவதும் நிரந்தர நிலையங்களை, அதாவது கோர்ஸ் நிலையங்களை அமைத்து இந்தச் சேவையைத் தருகிறது. அதன் தளத்தில் பதிவு செய்துதான் கணக்கு பெற வேண்டும். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. ‘இவ்வளவு துல்லியமாக அளக்கத் தனி ஆளுக்கு அனுமதி உண்டா’ என்றும் சிலர் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட இடங்களைத் தவிர மற்ற இடங்களில் இந்தியர்கள் அளப்பதற்கு முன் அனுமதி தேவையில்லை.

என்ட்ரிப்பில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. பயனர் பெயரெல்லாம் சரி, ‘கனெக்டட்’ என்றும் வருகிறது, ஆனால் ஒரு பைட்கூட வராது. பல நிலையங்களைச் சேர்த்துக் கணித்து உங்கள் இடத்துக்கென்றே திருத்தம் தயாரிக்கும் வகையாக அந்த மவுண்ட் பாயின்ட் இருந்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் ஜிஜிஏ வரியை ஆப் திருப்பி அனுப்பும்படி அமைக்க வேண்டும். ‘சென்ட் ஜிஜிஏ’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அதைத் தேடிப் போடுங்கள். இன்னொன்று, தரவு போனுக்கு வந்தால் போதாது, போனிலிருந்து ப்ளூடூத்தில் ரிசீவருக்குள் போக வேண்டும். சில மலிவான போர்டுகளில் ப்ளூடூத் இணைந்திருக்கும் போர்ட்டில் திருத்தத் தரவை உள்ளே வாங்கும் அமைப்பு அணைந்தே இருக்கும். ஆப்பில் பைட்கள் ஏறிக்கொண்டே இருக்க, ஜிஜிஏயில் 1 மட்டுமே வந்தால் அதைப் பார்க்க வேண்டும்.

அலைவரிசைப் பொருத்தமும் முக்கியம். எஃப்9பி சில்லிலேயே இரண்டு வகை உண்டு, ஒன்று எல்1, எல்2 கேட்கும், மற்றொன்று எல்1, எல்5 கேட்கும் (இவை செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைவரிசைகளின் பெயர்கள்). பேஸ் அனுப்புவது எல்1, எல்2 மட்டும் என்றால், எல்5 வகை ரிசீவருக்குப் பொதுவாக மிஞ்சுவது எல்1 ஒன்றுதான். ஃபிக்ஸ் வர வெகுநேரம் ஆகும், வந்தாலும் நிற்காது. உங்கள் கேள்வியில் மாடல் எண் இல்லாததால் இது உங்களுக்குப் பொருந்துமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்காசி என்றதால் இதையும் சொல்ல வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தப் பகுதியின் மேலே அயனி மண்டலம் மிகவும் கொந்தளிப்பானது. குறிப்பாகச் சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை, அதிலும் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சிக்னல் சிமிட்டும். ஃபிக்ஸ் போய்ப் போய் வரும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. காலை வேளையில் அளந்துகொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு ஃபிக்ஸ் வரவில்லை என்று கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஃபிக்ஸ் வந்த பிறகும் அது சரியான ஃபிக்ஸா என்பது வேறு கேள்வி. ஆப் 1 சென்டிமீட்டர் என்று காட்டிக்கொண்டே அரை மீட்டர் தள்ளி நிற்பது நடக்கக்கூடியது, தென்னை, மா நிழலிலும் தகரக் கூரை பக்கத்திலும் அடிக்கடி நடப்பது. ரிசீவர் தன் கணக்கை வைத்துத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்தான் அந்த எண். நம்பகமான சோதனை என்னவென்றால், ஒரு புள்ளியை அளந்துவிட்டு ஆன்டெனாவை மூடியோ கருவியை அணைத்தோ ஃபிக்ஸை இழக்கச் செய்து, மறுபடி ஃபிக்ஸ் வந்ததும் அதே புள்ளியை அளப்பது. அரை மணி கழித்து அளந்தால் இன்னும் நல்லது, செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும். இரண்டும் 3 சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளலாம். மர நிழலில் உள்ள புள்ளியை ஆர்டிகேயில் அளக்கவே வேண்டாம் என்பேன். வெளியே இரண்டு புள்ளிகளை அளந்து, அங்கிருந்து டேப் போட்டுவிடுங்கள்.

ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சென்டிமீட்டர் பேச முடியாது. 2 மீட்டர் கம்பின் உச்சியில் வைத்து, கம்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் அடிக்கும் உச்சிக்கும் மூன்றரை சென்டிமீட்டர் விலகல். கம்பில் வட்ட ரசமட்டம் ஒன்று கட்டாயம். சிறிய சதுர ஆன்டெனா என்றால் அடியில் குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு உலோகத் தகடு வையுங்கள், தரையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை அது குறைக்கும். கம்பின் உயரத்தை ஆப்பில் ஆன்டெனா உயரம் என்ற இடத்தில் போடுங்கள், ரிசீவரிலும் ஒருமுறை போட்டு இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்.

வாட்டம் பார்க்க வேண்டும் என்பதால் உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் உண்மையில் அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்கு வரையப்பட்ட ஒரு கணித வடிவத்தின் மேற்பரப்பிலிருந்து. உலகத்திலேயே இந்த இரண்டுக்கும் கீழ்நோக்கி மிகப் பெரிய வித்தியாசம் இருப்பது நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 80 முதல் 100 மீட்டர் வரை வரும். கடற்கரையில் நின்றால் சில ஆப்கள் மைனஸ் 85, மைனஸ் 90 என்று காட்டுவது பிழையில்லை. ஒரே தோட்டத்துக்குள் வாட்டம் பார்ப்பதற்கு இந்த வித்தியாசம் அநேகமாகக் கழிந்துவிடும், ஆனால் பாதிப் புள்ளியை ஓர் ஆப்பிலும் மீதியை வேறு ஆப்பிலும் எடுத்தால் நடுவில் பள்ளத்தாக்கே தோன்றும். அதோடு உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். 3, 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு அது தாராளமாகப் போதும். நூறு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வாட்டத்தில் வாய்க்கால் வெட்டப்போகிறீர்கள் என்றால் போதாது, ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுங்கள்.

எல்லைக்கல் விஷயத்தில் ஆர்டிகே எவ்வளவு தூரம் உதவும்? இருக்கும் கல்லின் இடத்தைக் குறித்து வைக்க அருமையான வழி, நாளைக்கு யாராவது பிடுங்கிப் போட்டாலும் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது அதே சேவை, அதே பேஸ் இருக்க வேண்டும். சொந்தமாக பேஸ் வைத்து அதன் இடத்தைச் சராசரி எடுத்துப் போட்டிருந்தால், அது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளியிருக்கலாம், அளந்த புள்ளிகள் எல்லாமே அதே அளவு ஒட்டுமொத்தமாகத் தள்ளியிருக்கும். புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சரியாக இருக்கும், உலக வரைபடத்தில் இடம் தவறாக இருக்கும். இந்திய நிலத்தட்டே ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது என்பதால், எந்தச் சேவை, எந்தத் தேதி என்றும் எழுதி வையுங்கள்.

காணாமல் போன கல்லைக் கண்டுபிடிக்க மட்டும் இதை நம்ப வேண்டாம். பழைய புலப்படங்களில் இருப்பவை சங்கிலி அளவுகள், அட்சரேகையும் தீர்க்கரேகையும் அல்ல. மிச்சமிருக்கும் கற்களிலிருந்து அந்த அளவுகளை வைத்துத்தான் கல் இருந்த இடத்தை மீட்டெடுக்க முடியும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அரசு சர்வேயர் அளப்பதுதான் செல்லும், உங்கள் போனில் வந்த புள்ளி செல்லாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மாக் லொகேஷன் கிடையாது. சாதாரண ப்ளூடூத் சீரியல் ரிசீவர்கள் ஆப்பிளின் எம்எஃப்ஐ அங்கீகாரம் இல்லாமல் இணையாது, பிஎல்இ (குறைந்த மின்சக்தி ப்ளூடூத்) வழியாகப் பேசும் ரிசீவரும் அதை ஏற்கும் ஆப்பும் சேர்ந்து இருந்தால்தான் வேலை நடக்கும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆறாவது காற்புள்ளிக்குப் பின் 4 வரவில்லை என்றால், வெட்டவெளியில் பத்து நிமிடம் நின்று, ஒரு ஜிஜிஏ வரி, ரிசீவரின் மாடல் எண், மவுண்ட் பாயின்ட்டின் பெயர், என்ட்ரிப்பில் பைட்கள் ஏறுகின்றனவா என்ற விவரம் ஆகியவற்றை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்த வரியில் உங்கள் தோட்டத்தின் இடம் அப்படியே இருக்கும், அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமத்துக்குப் பிந்தைய இலக்கங்களுக்குப் பதில் அதே எண்ணிக்கையில் எக்ஸ் போட்டுவிடுங்கள். கடவுச்சொல்லையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.